வாசியில்லாக் காசு

ஊர் பார்ப்பதற்காகப் புறப்படுகிறவன் அடையும் இன்பம் எத்தகையது, அது ஆத்மாவுக்கு ஏதேனும் உறுதி பயப்பதா, அல்லது கண்ணும் நாவும் நிறைந்து திரும்புவதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லையா என்ற விசாரம், பழைமை வாய்ந்த ஒரு நகரத்தின் கடைத்தெருவில் கால் வைக்கும்போதெல்லாம் எனக்கு எழுவதுண்டு. கோயிலுக்குப் போகிறவனை யாத்திரிகன் என்கிறோம். கடைவீதியையும் உணவு விடுதியையும் சித்திர வேலைப்பாட்டையும் தேடிப் போகிறவனை வெறும் பிரயாணி என்கிறோம். முன்னவனுக்குப் புண்ணியத்தையும் பின்னவனுக்குப் பொழுதுபோக்கையும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு அமைதியடைகிறோம். மலேசியாவின் தென்கோடியில், நீரிணைக்கு இப்பால் சிங்கப்பூரை நோக்கி நிற்கும் ஜொகூர் பாருவின் பழைய வீதிகளில் நடந்தபோது, இந்தப் பங்கீடு நியாயமானதுதானா என்ற ஐயம் எனக்கு மிகவும் வலுத்தது.

நம் சைவத்தை வளர்த்த சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பிரயாணிகளே அல்லவா? ஓரிடத்தில் அமர்ந்து சாத்திரம் செய்தவர்கள் அல்லர் அவர்கள். ஊர் ஊராகக் கால் நோக நடந்தவர்கள். சம்பந்தருடைய பதிகங்களைப் பாருங்கள்: இறைவனைப் பாட வந்தவர் பாட்டின் பெரும்பகுதியை ஊருக்கே வழங்கிவிடுகிறார். சோலையும் வண்டும், வயலில் துள்ளும் மீனும், மாடங்கள் நெருங்கிய வீதியும், கடற்கரைத் தலமாயின் அலை கொண்டுவந்து ஒதுக்கும் முத்தும் முதலில் வருகின்றன. அவற்றின் நடுவே, அந்த ஊரில் குடியிருப்பவன் என்ற உரிமையோடுதான் சிவபெருமான் தோன்றுகிறான். கண்ணுக்கு இனியவை கடவுளிடமிருந்து மனத்தைக் கலைத்துவிடும் என்று அந்த ஞானக் குழந்தை அஞ்சியிருந்தால் தேவாரத்தில் பாதிக்கு மேல் பாடப்பட்டே இராது. உணவும் அப்படித்தான். திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசியால் தளர்ந்த அப்பருக்கு இறைவன் வேதியர் வடிவில் வந்து பொதிசோறு கொடுத்ததும், திருக்கச்சூரில் சுந்தரருக்காக ஓடேந்தி வீடு வீடாகச் சென்று இரந்து அன்னம் கொண்டுவந்ததும், திருக்குருகாவூர் வழியில் தண்ணீர்ப் பந்தல் அமைத்துக் காத்திருந்ததும் பெரிய புராணம் சொல்லும் செய்திகள். பிரயாணியின் பசியைக் கடவுளே தம் பொறுப்பாக எடுத்துக்கொண்ட சமயம் நம்முடையது.

ஆயினும் இதற்கு எதிரான குரலும் நம்முடையதே. அதைக் கேளாதது போல் கடந்து செல்வது நேர்மையாகாது. பட்டினத்தார் காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர். கப்பல் வந்து இறங்கும் துறைமுகத்தின் கடைத்தெருவை அவரை விட நன்கு அறிந்த துறவி எவரும் இருந்திரார். காதறுந்த ஓர் ஊசியைக் கண்ட அளவில் அந்தக் கடைத்தெரு முழுவதும் அவருக்குப் பொய்யாய்ப் போயிற்று. பண்டமும், பண்டத்தை விரும்பும் இந்திரியமும், இந்திரியத்தைச் சுமக்கும் தேகமும் ஒன்றையொன்று ஏமாற்றும் கூட்டம் என்பதை அவர் கண்ட உறுதியோடு வேறு எவரும் கண்டதில்லை. புதிய ஊரின் அங்காடியில் நின்று எதை வாங்கலாம், எதை உண்ணலாம், எதைப் படம் பிடிக்கலாம் என்று அலைபாயும் மனத்தின்மீது அந்த ஊசியின் நிழல் விழத்தான் செய்கிறது. சம்பந்தர் வழி சரியா, பட்டினத்தார் வழி சரியா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுமாறு கேட்டால் நான் திகைத்துப் போவேன். ஆனால் இருவருக்கும் இடையே ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ஜொகூரின் தெருக்களைச் சொன்ன பிறகே அதற்கு வரவேண்டும்.

1855-இல் ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராகிம் இந்த நீரிணைக் கரையில் ஒரு குடியிருப்பை அமைத்து அதற்கு இஸ்கந்தர் புத்ரி என்று பெயரிட்டார். 1866-இல் அவர் மகன் அபூபக்கர் அதற்கு ஜொகூர் பாரு என்ற பெயரைச் சூட்டினார். காட்டைத் திருத்தி மிளகும் கம்பீர் செடியும் பயிரிட்ட சீனர்களாலேயே ஊர் முதலில் செழித்தது. பின்பு ரப்பர் வந்தது; ரப்பரோடு தமிழர்கள் வந்தார்கள். 1909-இல் ஜொகூர் மாநிலத்தின் ஊடே ரயில் பாதை முற்றுப்பெற்றது. 1924-இல் கருங்கல்லைக் கொட்டி நீரிணையின் குறுக்கே எழுப்பிய பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. சம்பந்தர் இராமேசுவரத்துக் கரையில் நின்றபடியே கடலுக்கு அப்பாலுள்ள திருக்கோணமலையைப் பாடினார் என்பது வரலாறு. பாடிய பெருமக்கள் கடல் தாண்டவில்லை. தாண்டியவர்கள், பாடத் தெரியாத, கையெழுத்துப் போடவும் அறியாத ஏழை ஜனங்கள். வங்காள விரிகுடாவைக் கப்பலின் தளத்தில் கிடந்து கடந்த அவர்கள் தங்கள் மூட்டையில் மாரியம்மனையும் காளியம்மனையும் நினைவாக எடுத்துவந்து, தோட்டப்புறத்து மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, அதற்கு மஞ்சள் பூசினார்கள்.

அவர்கள் தடம் நகரத்தில் இன்றும் இருக்கிறது. ஜாலான் டோபி என்ற தெரு, சலவைத் தொழில் செய்து பிழைத்த இந்தியர்களின் பெயரைத் தாங்கியது. அரசர் பெயரையும் செல்வர் பெயரையும் தெருக்களுக்கு இடும் உலகத்தில், பிறர் அழுக்கைத் தம் கையால் போக்கியவர்களுக்கு ஒரு தெரு கிடைத்திருப்பதை நான் சிறிய காரியமாக எண்ணவில்லை. அந்தத் தெருவில் 1937 முதல் இந்திய முஸ்லிம் குடும்பத்தார் நடத்திவரும் சலாகுதீன் ரொட்டிக் கடையிலும், அடுத்துள்ள ஜாலான் தான் ஹியோக் நீயில் 1919 முதல் நடந்துவரும் சீனர்களுடைய ஹியாப் ஜூ ரொட்டிக் கடையிலும் இன்றும் விறகடுப்பே எரிகிறது. முன்னதில் கறிபாப், பின்னதில் வாழைப்பழக் கேக்கு. விடியற்காலையில் விறகு அடுக்கி, அடுப்பின் உள்வெப்பம் பதமாகும் வரை காத்திருந்து, நீண்ட மரத்துடுப்பால் தட்டுகளை உள்ளே செலுத்தும் அந்த மனிதர்களின் முகத்தில் உள்ள ஈடுபாடு, கருவறையில் திருவிளக்கைத் தூண்டும் குருக்களின் முகத்தில் காணும் ஈடுபாட்டுக்குக் குறைந்தது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

உணவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லலாம். ஏனெனில் ஒரு நகரம் தன் சரித்திரத்தைக் கல்வெட்டில் எழுதுவதை விட அடிசிலில் எழுதுவதே அதிகம். இங்குள்ள தமிழர்கள் காலையில் ஒருவரையொருவர் சந்தித்தால் “பசியாறிவிட்டீர்களா?” என்றுதான் விசாரிப்பார்கள். பசியாறுவதற்கு ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் உண்டு, தேங்காய்ப் பாலில் வெந்த நாசி லெமாக்கும் உண்டு, தோசையும் உண்டு. ஜொகூர் லக்சா என்பது இந்த மாநிலத்துக்கே உரிய பதார்த்தம். மீனை வேகவைத்து மசித்துத் தேங்காய்ப் பாலும் மசாலையும் சேர்த்த கெட்டியான குழம்பை, அரிசிச் சேமியாவின் மீது ஊற்றாமல், இத்தாலியருடைய ஸ்பகெட்டியின் மீது ஊற்றிக் கையால் பிசைந்து உண்பார்கள். சுல்தான் அபூபக்கர் ஐரோப்பாவில் பிரயாணம் செய்தபோது அங்கே உண்டதை விரும்பித் தம் அரண்மனைச் சமையலில் புகுத்தினார் என்று ஜொகூர்வாசிகள் சொல்லிக்கொள்வார்கள். மன்னன் ஒருவன் பிற நாட்டுக்குப் போய், வாளையும் கொடியையும் கொண்டுவராமல் ஒரு சுவையைக் கொண்டுவந்து குடிகளுக்குப் பகிர்ந்தான் என்று மக்கள் நம்புவதிலேயே அவர்களுடைய நாகரிகம் விளங்குகிறது. அவர் தொடங்கி, அவருடைய மறைவுக்குப் பின் 1900-இல் முடிவுற்ற பள்ளிவாசல், கடலைப் பார்த்த மேட்டில் வெண்மையாக நிற்கிறது. அதன் ஸ்தூபிகள் விக்டோரியா காலத்து ஆங்கிலேய மணிக்கூண்டுகளைப் போன்றவை. உருவ வழிபாட்டை அறவே விலக்கிய ஒரு சமயம், அந்நிய தேசத்தின் கட்டடக் கலையைத் தன் தொழுகையிடத்துக்கு ஏற்றுக்கொள்வதில் தயக்கம் காட்டவில்லை.

இனி அந்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். அப்பரும் சம்பந்தரும் திருவீழிமிழலையில் தங்கியிருந்த காலத்தில் நாட்டில் பெரும் பஞ்சம் வந்தது. அடியார்கள் பசியால் வாடலாகாது என்று இறைவன் கிழக்குப் பீடத்தில் ஒரு காசும் மேற்குப் பீடத்தில் ஒரு காசுமாக நாள்தோறும் இருவருக்கும் வைத்தருளினான். அக்காசைக் கடைத்தெருவில் மாற்றி அரிசி பருப்பு வாங்கி இருவருடைய மடங்களிலும் சோறு வடித்தார்கள். அப்பர் மடத்தில் அமுது வேளையோடு ஆயிற்று. சம்பந்தர் மடத்தில் நாள்தோறும் தாமதமாயிற்று. காரணம் கேட்டபோது, சம்பந்தர் பெற்ற காசுக்கு வணிகர்கள் வாசி, அதாவது வட்டம், பிடிக்கிறார்கள் என்றும், அப்பர் பெற்ற காசோ முழு மதிப்புக்குச் செல்கிறது என்றும் தெரியவந்தது. அப்பர் உழவாரம் பிடித்துக் கோயில் முற்றத்தில் புல் செதுக்கி உடலால் தொண்டு செய்தவர். ஆதலால் அவர் காசில் குறையில்லை என்பதே பெரியோர் கண்ட தாத்பரியம். பின்பு சம்பந்தர் பாடி வாசியில்லாக் காசு பெற்றார்.

இந்த வரலாற்றைப் பக்தியின் மகிமை என்று மட்டும் படிப்பது வழக்கம். ஆனால் இதில் கடைத்தெரு இருக்கிறது; கையில் காசு வாங்கி உரைத்துப் பார்க்கும் வணிகன் இருக்கிறான்; சமையற்கட்டு இருக்கிறது; பந்தியில் காத்திருக்கும் பசித்த வயிறு இருக்கிறது. இறைவனுடைய காசு விண்ணில் செலவாகவில்லை; மளிகைக் கடையில் செலவாயிற்று. உழைப்போடு சேர்ந்து வந்த காசுக்குச் சந்தையிலேயே முழு மதிப்பு உண்டு என்று தெய்வம் அங்கே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பட்டினத்தார் மறுத்தது உழைப்பை அன்று. உழைப்பின் பயனைக் கையில் வைத்துக்கொண்டு உழைத்தவனை மறந்துபோகும் பற்றையே அவர் மறுத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. கறிபாப்பைக் கடித்துவிட்டு நடக்கும் பிரயாணி, விறகடுப்பின் முன் நின்ற மனிதனைக் காணாவிட்டால் அவன் இன்பத்தில் வாசி பிடிக்கப்படுகிறது. கண்டானாயின், அவன் இருப்பது கடைவீதியாயினும் யாத்திரையில்தான் இருக்கிறான்.

ஜாலான் துருஸ் தெருவில் ஒரு பழைய சீனக் கோயில் உண்டு. கம்பீர் வணிகத்தால் பெருஞ்செல்வரான தான் ஹியோக் நீயின் முயற்சியால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. தியோச்சியூ, ஹொக்கியன், ஹக்கா, கந்தோனீஸ், ஹைனானியர் என ஐந்து பேச்சுவழக்குச் சமூகத்தார் இந்த ஊரில் குடியேறினார்கள். வேறு துறைமுகங்களில் இதே சமூகங்கள் ஒன்றோடொன்று கலகம் செய்து இரத்தம் சிந்தியதுண்டு. இங்கோ ஐந்து தெய்வங்களும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்திருக்கின்றன. சீனப் புத்தாண்டின் முதல் மாதத்தில், நம் உற்சவ மூர்த்திகளைப் போலவே, ஐந்து மூர்த்திகளும் பல்லக்கில் எழுந்தருளித் திருக்கோயிலை விட்டு வெளியே தங்கி, இரவு முழுவதும் நகரத்து வீதிகளை வலம் வருகின்றன. அன்று தெருவில் நிற்பவர்களுள் சீனர் யார், தமிழர் யார், மலாய்க்காரர் யார் என்று பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கோயிலுக்கு வர முடியாதவன் வீட்டு வாசலுக்கே தெய்வம் புறப்பட்டு வரும் என்ற எண்ணத்தைத் தமிழனுக்கு ஒருவர் விளக்க வேண்டியதில்லை. தெய்வமே ஊர் பார்க்கப் புறப்படுகிறது என்றால், ஊர் பார்ப்பதில் தோஷம் எங்கிருந்து வரும்?

சற்று நடந்தால் ஜாலான் உங்கு புவானில் 1911-ஆம் ஆண்டைச் சேர்ந்த ராஜமாரியம்மன் கோயில். அதைச் சூழ்ந்து பூமாலைக் கடைகள், புடவைக் கடைகள், வெற்றிலைக் கடைகள். மல்லிகையும் சாம்பிராணியும் கலந்த மணம் அந்தத் தெருவையே கோயிலின் வெளிப் பிராகாரமாக ஆக்கிவிடுகிறது. மதுரையிலோ கும்பகோணத்திலோ சந்நிதித் தெருவில் நிற்பது போன்ற உணர்ச்சி. கோயிலையும் கடையையும் நம் முன்னோர்கள் சுவரெழுப்பிப் பிரிக்கவில்லை என்பதற்கு அங்கே தனியாகச் சான்று தேட வேண்டியதில்லை.

இந்நகரத்துக் கண்ணாடிக் கோயில் வேறு வகையான கேள்வியை எழுப்புகிறது. அப்பெயரால் அறியப்படும் அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கோயில் 1922-இல் ஒரு சாதாரணக் குடிலாகத் தொடங்கியது. பின்னாளில் திருப்பணி நடந்து, பாங்காக்கில் ஒரு கோயிலின் பிரகாசத்தைக் கண்டு வியந்த அதன் தலைவருடைய எண்ணத்தின்படி, சுவரும் தூணும் விதானமும் வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் போர்த்தப்பட்டன. சுமார் 3 லட்சம் துண்டுகள் என்பார்கள். ஆத்மலிங்க சந்நிதியின் சுவர்களிலோ நேபாளத்து ருத்திராட்சங்கள், அவையும் ஏறக்குறைய 3 லட்சம், ஒவ்வொன்றாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே வருகிறவர்கள் தங்கள் கையாலேயே லிங்கத்துக்குப் பன்னீர் அபிஷேகம் செய்யலாம். புத்தருடைய உருவமும் மதர் தெரேசாவின் உருவமும் வெண்பளிங்கில் அங்கே நிற்கின்றன. பல தேசத்துச் சுற்றுலாப் பயணிகள் கட்டணம் செலுத்தி உள்ளே வந்து, கண்ணாடியில் தங்கள் பிம்பத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

என் மனம் இயல்பாக நாடுவது சோழர் காலத்துக் கருங்கல் கருவறையின் இருளை. ஒற்றை நெய்விளக்கின் ஒளியில் மெல்லத் தெளிந்துவரும் திருவுருவத்தை. அதனால் அந்த மண்டபத்தின் பளபளப்பு முதலில் என்னைப் பின்வாங்கச் செய்தது. ஆனால் அங்கே சிறிது நேரம் அமர்ந்திருப்பவனுக்கு ஒன்று புலப்படும். அந்தத் துண்டுகளில் எதுவும் நம்மை முழுமையாகக் காட்டுவதில்லை. ஒன்றில் சட்டையின் நிறம், ஒன்றில் தோளின் ஒரு பகுதி, அடுத்ததில் நாம் அன்று, பக்கத்தில் நிற்கும் முன்பின் அறியாத ஒருவருடைய புடவை. எல்லாவற்றிலும் பொதுவாக நிற்பது விளக்கின் ஒளி ஒன்றே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் வகுத்த சைவ சித்தாந்தம், உயிரைப் படிகத்துக்கு ஒப்பிடும்: தனக்கென ஒரு நிறமின்றி, எதைச் சார்ந்ததோ அதன் வண்ணமாய் விளங்குவது அதன் இயல்பு. உலகைச் சார்ந்தால் உலகின் நிறம். சிவத்தைச் சார்ந்தால் சிவத்தின் ஒளி. பிரயாணம் செய்யும் மனமும் படிகமே. புதிய ஊரின் நிறங்களை அது வாங்கிக்கொள்வதில் பிழையில்லை. அதற்காகத்தான் அது படிகமாகப் படைக்கப்பட்டிருக்கிறது. எந்த நிறத்தை வாங்கினாலும் பின்னணியில் ஒளி ஒன்று வேண்டும் என்பதை மறந்துவிட்டால் மட்டுமே அது வெறும் சில்லாகிறது. ஒரு குடிலைக் கட்டிவிட்டுப் போன கூலித் தொழிலாளியின் பேரன்மார் அந்தச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒட்டச் செய்தார்களே, அந்த உழைப்பை நினைத்தபோது என் மனத்திலிருந்த விலகல் நீங்கிற்று.

கண்ணாடியைத் தெய்வத்தின் முன் வைத்தது நமக்குப் புதிதன்று. வடலூரில் வள்ளலார் 1872-இல் சத்திய ஞான சபையைத் திறந்து, ஒரு கண்ணாடியின் வழியே ஜோதியைக் காண வகை செய்து, அதன் முன் ஏழு திரைகளைத் தொங்கவிட்டார். தைப்பூசத்தன்று ஏழு திரைகளும் நீங்கும். எனினும் அவர் செய்த காரியங்களின் வரிசையை நாம் கவனிக்க வேண்டும். 1867-இலேயே, சபைக்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே, அவர் தருமச்சாலையில் அடுப்பை மூட்டிவிட்டார். வருகிறவன் யார், எந்தச் சாதி, எதற்காக வந்தான் என்று கேளாமல் சோறிடும் அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. கண்ணாடிக்கு முன்னால் அடுப்பு வந்தது.

தைப்பூசம் ஜொகூர் மாநிலத்திலும் பொது விடுமுறை. வடலூரில் திரை நீங்கும் அதே நாளில் இங்கே காவடி புறப்படுகிறது. பால்குடம் ஏந்திய வரிசையில் சீனர்களும் நிற்கிறார்கள். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானப் பந்தலும் போட்டிருக்கிறார்கள். படம் பிடிக்க வந்த பிரயாணியையும் கூப்பிட்டு உட்கார வைத்து இலை போடுவார்கள். நீ பக்தனா, வேடிக்கை பார்க்க வந்தவனா என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. பெரிய அண்டாக்களைக் கழுவுவதற்கும், உண்ட இலைகளை எடுப்பதற்கும், அடுத்த பந்திக்குத் தண்ணீர் வைப்பதற்கும் அந்தப் பந்தல்களில் எப்போதும் ஆள் போதாமலே இருக்கிறது. பையை ஓரமாக வைத்துவிட்டுக் கைகொடுக்க வருகிறவர் எந்தத் தேசத்தவராயினும் வேண்டாம் என்பார் இல்லை.